பழைய ரிவால்வர்: கேட்கும் விலை நியாயமா என்று எப்படிப் பார்ப்பது?

தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய பழைய .357 மேக்னம் ரிவால்வரை விற்கிறார். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. "வாங்கி வைத்ததோடு சரி, அதிகம் சுட்டதே இல்லை" என்கிறார். அவர் கேட்கும் விலை நியாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் உங்கள் கேள்வி. உரிமம், பெயர் மாற்றம் எல்லாம் சட்டப்படி முடித்துத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் நேராக விலைக்கே வருகிறேன்.

கம்பெனி பெயரும் மாடலும் விலையின் உச்சவரம்பை மட்டும்தான் சொல்லும். அந்த உச்சியிலிருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு ரிவால்வர்களில் ஒன்று மற்றதன் பாதி விலைக்குக்கூடப் பெறாமல் போகலாம். பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பார்க்கத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சுடுவதற்காக வாங்குகிறீர்களா, சேகரிப்பதற்காகவா? ஒரே குறைக்கு இந்த இரண்டு பேரிடமும் ஒரே எடை கிடையாது. மேல்பூச்சைப் புதிதாகப் போட்ட ஒரு துப்பாக்கி சேகரிப்பவரிடம் பெரும்பாலும் பாதி விலைக்கு விழுந்துவிடும். சுடுகிறவருக்கு அது லாபம், நல்ல இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையான சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால் நிலைமை தலைகீழ்: கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், சுடப்போகிறவர் பொறுக்கக் கூடாது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் சுடத்தான் வாங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் இயந்திர நிலையில் அதிக நேரம் செலவழிக்கிறேன். சேகரிப்பு விஷயம் பிறகு வரும்.

முதலில் மாடலைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். "ஸ்மித் அண்ட் வெசன் .357" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. அந்தக் கம்பெனி 1957-இல் மாடல் எண் முறையைக் கொண்டுவந்தது. சிலிண்டரை வெளியே திறந்தால், அதைத் தாங்கும் கை மூடிக்கொள்ளும் இடத்தில், துப்பாக்கியின் பாகங்களையெல்லாம் தாங்கும் உடலான சட்டத்தின் மேல் அந்த எண் பொறித்திருக்கும். 19 என்று மட்டும் இருக்கலாம், 19-3 என்றும் இருக்கலாம். கோட்டுக்குப் பிறகு வரும் சின்ன எண், வடிவமைப்பில் எத்தனையாவது மாற்றம் என்று காட்டுவது. விலை அதைப் பொறுத்தும் மாறும். 1982 வாக்கு வரை அவர்களுடைய மேக்னம் ரிவால்வர்களில் குழலைக் குறுக்கே ஓர் ஊசி அடித்து நிறுத்தியிருப்பார்கள், தோட்டாவின் விளிம்பு உட்காரச் சிலிண்டரில் பள்ளம் எடுத்திருப்பார்கள். அந்த இரண்டும் உள்ள துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் உண்டு. 2001-க்குப் பிறகு வந்தவற்றில் பக்கவாட்டில் சின்னச் சாவித் துளை இருக்கும். அதைப் பிடிக்காதவர்கள் ஏராளம், அதனாலேயே பழைய மாடல்கள் விலை ஏறி நிற்கின்றன. சுடுவதில் இதனால் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது என் கருத்து.

இப்போது கையில் எடுக்கலாம். சிலிண்டரைத் திற. தோட்டா உட்காரும் ஒவ்வோர் அறையும் காலி என்று கண்ணால் பார், விரலாலும் தொட்டுப் பார். விற்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் பார்க்க வேண்டும். நல்ல விற்பனையாளர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஹேமரை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியல் போன்ற துண்டை, இழுத்து விடலாமா, டிரிகரை வெறுமனே அழுத்தலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்கள் கொண்டுபோனால் இன்னும் நல்லது, வேறு ஒரு காரணத்துக்காகவும் அவை தேவைப்படும்.

பழைய ரிவால்வரில் மிக முக்கியமான சோதனை டைமிங், அதாவது சிலிண்டர் சரியான நேரத்தில் சுழன்று பூட்டுகிறதா என்பது. ஹேமரை நீங்கள் பின்னுக்கு இழுக்கும்போது, உள்ளிருக்கும் 'ஹேண்ட்' என்ற நெம்புத் துண்டு சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றுகிறது. அடுத்த அறை குழலுக்கு நேரே வந்ததும், கீழிருந்து ஒரு கட்டை எழும்பிச் சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்ட வேண்டும். ஹேமர் முழுவதும் பின்னுக்குப் போய் நிற்பதற்குள் இந்தப் பூட்டு விழுந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்க, இடது கை விரலால் சிலிண்டரின் பக்கவாட்டில் மிக லேசாகத் தடை கொடுத்துக்கொண்டே, வலது கைக் கட்டைவிரலால் ஹேமரை மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுங்கள். 'டிக்' என்று பூட்டு விழும் சத்தம் கேட்கும், பிறகு ஹேமர் நிற்கும் சத்தம் கேட்கும். இரண்டும் ஒன்றாக வந்தாலும் பரவாயில்லை. ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்து, நீங்கள் விரலால் தள்ளினால்தான் 'டிக்' என்று விழுகிறது என்றால், அந்த அறைக்கு டைமிங் தப்பிவிட்டது. எல்லா அறைக்கும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் தவறுவது சாதாரணமாக நடப்பது. அவசரமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே ஓடிப் பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. விற்பவர் காட்டும்போது சடசடவென்று இழுத்துக் காட்டினால், நீங்கள் வாங்கி மெதுவாகச் செய்யுங்கள்.

போலித் தோட்டா இங்கேதான் உதவும். வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு, அறைகள் காலியாக இருக்கும்போது கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தினாலேயே டைமிங் தப்பியதுபோலத் தோன்றலாம். அறைகளில் போலித் தோட்டாக்களைப் போட்டுவிட்டுச் சோதித்தால் தகடு இறுகிவிடும், உண்மை நிலை தெரியும். இதைச் செய்யாமலே நல்ல துப்பாக்கியைக் கெட்டது என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

டைமிங் தப்பினால் விலையில் எவ்வளவு குறைப்பது? அது கம்பெனியைப் பொறுத்தது. ஸ்மித் அண்ட் வெசனில் கொஞ்சம் பெரிய ஹேண்ட் ஒன்றைப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், வேலை தெரிந்தவருக்கு அது சிரமமில்லை. கோல்ட் (Colt) கம்பெனியின் பழைய ரிவால்வர்களில், அதாவது பைத்தான், டிடெக்டிவ் ஸ்பெஷல் வகையில், கதை வேறு. அவற்றின் உள்ளமைப்பு மிக நுணுக்கமானது. டிரிகரை அழுத்திப் பிடித்திருக்கும்போது சிலிண்டர் அசையவே கூடாது என்ற கணக்கில், ஹேண்ட் சிலிண்டரைத் தொடர்ந்து முட்டிக்கொண்டே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். பூட்டு அருமையாக இருக்கும், ஆனால் தேய்மானம் சீக்கிரம் தெரியும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு, காத்திருக்கவும் வேண்டும், கூலியும் அதிகம். 1955-இல் வந்து, 2005 வாக்கில் நின்று, 2020-இல் மாற்றியமைத்த வடிவில் திரும்பி வந்தது பைத்தான். நடுவில் நின்றிருந்த காலத்தில் பழையவற்றின் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த விலையில் டைமிங் தப்பிய ஒன்றை வாங்குவது, ரிப்பேர் செலவை முன்பணமாகவே கொடுப்பதற்குச் சமம்.

அடுத்து ஆட்டம். ஹேமர் முன்னால் விழும்படி டிரிகரை அழுத்தி, அப்படியே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சுடும் கணத்தில் துப்பாக்கி இருக்கும் நிலை இது. இப்போது சிலிண்டரை இடமும் வலமும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெசனிலும் ரூகர் கம்பெனி ரிவால்வர்களிலும் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பு, குண்டு குழலுக்குள் நுழையும்போது சிலிண்டர் தானே நேராகிக்கொள்ள அந்த இடம் உதவும். பழைய கோல்டில் அசைவே இருக்கக் கூடாது. கடகடவென்று ஆடினால், சிலிண்டரின் வெளிப்புறத்தில் இருக்கும் பூட்டுப் பள்ளங்களைப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு நசுங்கி, உலோகம் வெளியே பிதுங்கியிருந்தால், யாரோ அதை மிக வேகமாக, முரட்டுத்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிலிண்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். அது வேண்டாம். இயக்கிய எந்த ரிவால்வரிலும் அந்தக் கோடு வரும். கோடு விலையைக் கொஞ்சம் குறைக்கும், நசுங்கிய பள்ளம் நிறையக் குறைக்கும்.

பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இதற்கும் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கும் ஒரு ஃபீலர் கேஜ் கொண்டுபோங்கள். வண்டி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அதே மெல்லிய தகடுகள்தான், விலை அதிகமில்லை. சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து ஓர் அளவு, முன்னால் தள்ளிப் பிடித்து ஓர் அளவு எடுங்கள். பின்னால் தள்ளியபோது கிடைப்பது உண்மையான இடைவெளி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். இடைவெளி 0.10 முதல் 0.15 மி.மீ. வரை இருந்தால் மிக நல்லது. 0.20 வரை ஏற்றுக்கொள்ளலாம். 0.25-ஐத் தாண்டினால் வாயு கசிவு அதிகமாகும், பக்கவாட்டில் துகள் தெறிக்கும், விலையில் பேச வேண்டிய விஷயம். மிகக் குறைவாக, 0.05-க்கும் கீழே இருப்பதும் நல்லதில்லை: சுட்டுச் சூடானதும், கரி சேர்ந்ததும் சிலிண்டர் உரசி நின்றுவிடும். முன்பின் ஆட்டம் 0.05 மி.மீ. அளவில் இருந்தால் கவலையில்லை. 0.15-ஐத் தொட்டால் சரிசெய்யாமல் கனமான தோட்டாக்களைச் சுடக் கூடாது, ஒவ்வொரு சூட்டிலும் சிலிண்டர் சட்டத்தில் மோதி ஆட்டத்தை இன்னும் வளர்க்கும். நல்ல செய்தி என்னவென்றால், மெல்லிய வாஷர் போட்டே பெரும்பாலும் இதைச் சரிசெய்துவிடலாம். செலவு குறைந்த ரிப்பேர் இது. விற்பவருக்கு அது தெரியாவிட்டால், பயந்து விலையைக் குறைக்கவும் செய்வார். ஆனால் பின்னால் தள்ளி எடுத்த இடைவெளியே அதிகம் என்றால் வாஷர் உதவாது, குழலைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும்.

உங்களுடையது .357 என்பதால், குழலின் பின்முனையில்தான் நீங்கள் அதிகம் உற்றுப் பார்க்க வேண்டும். சிலிண்டரிலிருந்து பாயும் குண்டை உள்வாங்கும் கூம்பு வடிவ வாய் அது, ஃபோர்சிங் கோன் என்பார்கள். மாடல் 19, 66, 13, 65 ஆகிய நடுத்தரச் சட்டத்து ஸ்மித் அண்ட் வெசன்களில், சிலிண்டரைத் தாங்கும் கைக்கு இடம் விட, அந்த வாயின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அந்த இடத்தில் இரும்பு மெலிந்து போகிறது. வேகமான, எடை குறைந்த 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) குண்டுகளைத் தொடர்ந்து சுட்ட துப்பாக்கிகளில் சரியாக அந்த ஆறு மணி நிலையில் விரிசல் விட்டிருக்கிறது. கம்பெனி 1980-இல் கொஞ்சம் பெரிய சட்டத்தோடு 586, 686 வரிசையைக் கொண்டுவந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

பார்க்கும் விதம் இது: சிலிண்டரைத் திறந்து, சட்டத்தின் ஜன்னல் வழியே ஒரு சின்ன டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். கரி படிந்திருந்தால் துணியில் கொஞ்சம் கரைப்பான் தொட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள், கரியின் கோடும் விரிசலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். துடைத்த பிறகும் ஒரு முடி அளவுக் கோடு அடிப்பக்கத்தில் நின்றால், வெளியிலிருந்தும் அதே இடத்தில் தொடர்கிறதா என்று பாருங்கள். நகத்தை அதன் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படலாம். விரிசல் என்றால் குழலையே மாற்ற வேண்டும், பழைய மாடல் 19-க்குக் குழல் கிடைப்பது லேசில்லை. என்னைக் கேட்டால், அந்தத் துப்பாக்கியை உதிரிபாக விலைக்கு மட்டும்தான் பேசுவேன். ஃபோர்சிங் கோனுக்கு நேர்மேலே, சட்டத்தின் உட்புறத்தில் தீ அரித்த ஒரு கோடு தெரியலாம். அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் அந்த அரிப்பு கொஞ்ச தூரம் போய்த் தானே நின்றுவிடும். மேக்னம் சுட்ட துப்பாக்கி என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

"அதிகம் சுட்டதில்லை" என்ற பேச்சை இங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். தீ அரித்த கோடு ஆழமாக இருந்து, ஃபோர்சிங் கோனின் உட்புறம் முதலைத் தோல்போல வெடித்துக் கிடந்தால், அந்தப் பேச்சு உண்மையில்லை. சிலிண்டரின் முன்முகத்தில் அறைகளைச் சுற்றிக் கருவளையம் இல்லாதது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. துருப்பிடிக்காத இரும்பில் அதைத் தேய்த்து எடுத்துவிடலாம்.

குழலின் உட்புறத்தை ஒளியில் பாருங்கள். குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, துரு அரித்த குழிகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, குழலின் நடுவே இருண்ட மோதிரம்போல ஒரு வளையம் தெரிகிறதா என்று தேடுங்கள். ஒரு குண்டு உள்ளேயே சிக்கி நின்று, அடுத்த குண்டு அதன்மேல் மோதியிருந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கிவிடும். வெளியே விரலை நீளவாக்கில் ஓட்டினால் சில சமயம் வீக்கம் தட்டுப்படும். அறைகளுக்குள் முன்பக்கமாக ஒரு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இதே துப்பாக்கியில் சுடக்கூடிய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூடு .357-ஐவிடச் சுமார் 3 மி.மீ. குட்டை, அதைச் சுட்டுச் சேர்ந்த கரி அது. பிரஷ் போட்டால் போய்விடும்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இரண்டு சோதனைகளை விட்டுவிடக் கூடாது. போலித் தோட்டாக்களோடு ஹேமரை முழுவதும் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, டிரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்பக்கமாக ஓரளவு அழுத்தித் தள்ளுங்கள். விழவே கூடாது. விழுந்தால், டிரிகரை இலேசாக்குகிறேன் என்று யாரோ வீட்டில் உட்கார்ந்து உள்பாகத்தை அரத்தால் தேய்த்திருக்கிறார். மற்றொன்று, ஹேமர் இறங்கி டிரிகரை விட்ட நிலையில், தோட்டாவின் அடியில் குத்தும் ஊசி முனை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த இரண்டில் எது தவறினாலும் சரிசெய்யும் வரை அது சுடத் தகுந்த துப்பாக்கியில்லை, விலையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சினிமாவில் காட்டுவதுபோல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடும் பழக்கம் உள்ளவர் கையில் இருந்த துப்பாக்கியில், சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்திருக்கும். மூடிய நிலையில் அந்தக் கைக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள கோடு முடிபோல மெல்லியதாக, எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். திறந்து சிலிண்டரைச் சுழற்றிவிட்டு, வெளித்தள்ளும் கம்பியின் முனையைக் கவனியுங்கள், வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. இரண்டையும் நிமிர்த்தலாம், கூலி மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். அலுமினியக் கலவைச் சட்டம் கொண்ட சின்ன ரிவால்வர் என்றால், குழல் திருகி உட்காரும் இடத்துக்குக் கீழே சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது.

திருகுகளைப் பார்த்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். நல்ல தொழிலாளி சரியான அளவு திருப்புளி வைத்திருப்பார், தலையின் வெட்டு கூர்மையாகவே இருக்கும். வெட்டு சிதைந்து, பக்கத்தகட்டின் ஓரத்தில் நெம்பிய தழும்பு இருந்தால், உள்ளே தெரியாதவர் கை பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட துப்பாக்கியில் நான் மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் இன்னொரு முறை செய்வேன்.

பளபளப்பைப் பற்றி நீங்கள் குறிப்பாகச் சொன்னீர்கள். பல பத்தாண்டு வயதான நீலப்பூச்சு ரிவால்வர் புதிதுபோல மின்னினால், மீண்டும் பூச்சு போட்டதா என்ற சந்தேகம் வர வேண்டும். பாலீஷ் சக்கரத்தில் தேய்த்தால் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகள் ஓரம் கலங்கும், திருகுத் துளைகளைச் சுற்றிச் சின்னக் கிண்ணம்போலப் பள்ளம் விழும். பழைய ஸ்மித் அண்ட் வெசனில் இன்னோர் அடையாளம் உண்டு. ஹேமரும் டிரிகரும், இரும்பின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்கும் முறையில் வரும் பல வண்ணச் சாயலோடு இருக்கும். அவையும் நீலமாகவோ, நிக்கல் பூச்சிலோ இருந்தால், வேலை தொழிற்சாலையில் நடந்ததில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கையில் படும் இடங்களிலும் உறை உரசும் முனையிலும் நேர்மையாகத் தேய்ந்த பழைய பூச்சு, சேகரிப்பவர் பார்வையில் புதுப்பூச்சைவிட மதிப்பு அதிகம். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

சேகரிப்பு விலை கேட்கிறார் என்றால், அசல் பாகங்களா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் காலத்துக்கும் அதற்கு முன்னுமான ஸ்மித் அண்ட் வெசன்களில் கைப்பிடியின் அடியில் உள்ள சீரியல் எண்ணே சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் இருக்கும். ஒன்று மாறியிருந்தாலும் விலை இறங்கும். மரப்பிடி மாற்றியதா, அசல் பெட்டி இருக்கிறதா, பெட்டியின் ஓரத்துச் சீட்டில் இருக்கும் எண் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் சேரும். குழலைக் குட்டையாக வெட்டிய துப்பாக்கிகளும் சந்தைக்கு வருகின்றன. குறிபார்க்கும் முன்குறி இடம் மாறியோ, குழலில் பொறித்த எழுத்து நடுவில் இல்லாமலோ இருந்தால் அளவெடுத்துச் சரிபாருங்கள். "ஒரு பெரிய அதிகாரி வைத்திருந்தது" என்ற மாதிரிக் கதைக்குக் காகிதம் இருந்தால் மட்டும் காசு. எந்த ஆண்டு, எந்த வடிவில், யாருக்கு அனுப்பியது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தரும் வசதி கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் இரண்டுக்குமே உண்டு. விலை பெரிதென்றால் அந்தச் செலவு தகும்.

தோட்டாவையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். .357-இல் அந்தக் கவலை இல்லை, .38 ஸ்பெஷலையும் சுடலாம். பழைய ராணுவ ரிவால்வர்களில்தான் ஆபத்து. 1915-இல் வந்த பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி மார்க் 6-இன் .455 தோட்டா கிடைப்பது அரிதானதும், .45 ஏசிபி என்ற வேறொரு தோட்டாவைப் போடுவதற்காகப் பலவற்றின் சிலிண்டரைப் பின்புறம் சீவிவிட்டார்கள். முழு வேகத்து .45 ஏசிபி அந்தத் துப்பாக்கி தாங்க வேண்டிய அழுத்தத்தைத் தாண்டுவது. போர்க்காலத்தில் பிரிட்டனுக்காக .38/200 தோட்டாவுக்குச் செய்த ஸ்மித் அண்ட் வெசன் 'விக்டரி' மாடல் ரிவால்வர்களிலும் பலவற்றை .38 ஸ்பெஷல் ஏறும்படி துளைத்திருக்கிறார்கள். பின்பகுதி அறை அகலம் அதிகம் என்பதால் கூடு வீங்கும், சில சமயம் பிளக்கும். இப்படி மாற்றியவை சேகரிப்பவருக்கும் ஆகாது, சுடுகிறவருக்கும் முழுமையாக ஆகாது. ரூகரின் பழைய ஒற்றை இயக்க மாடல்கள், அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் ஹேமரைக் கையால் இழுக்க வேண்டியவை, நல்ல துப்பாக்கிகள், ஆனால் 1973-க்கு முன் வந்தவற்றில் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு கிடையாது. கம்பெனியே இலவசமாக மாற்றித் தருகிறது. மாற்றாத அசலுக்குச் சேகரிப்பவரிடம் மதிப்பு கூடுதல். சுடுகிறவர் மாற்றியதை வாங்குவதே நல்லது.

இனிக் கணக்கு. விளம்பரத்தில் கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள், ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். அதே மாடல், அதே குழல் நீளம், அதே பூச்சு, இயந்திரம் சரியாக உள்ளது என்று அண்மையில் விற்ற சிலவற்றை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிடுங்கள். நடுவில் வருவதை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பின் ஆட்டம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்றால் நான் 90 சொல்வேன். டைமிங் ஓர் அறையில் தப்பினால், அது ஸ்மித் அண்ட் வெசன் என்றால் 80, பழைய கோல்ட் என்றால் பழுதுபார்ப்பவரிடம் கூலி கேட்டுவிட்டு அதையும் காத்திருக்கும் தொல்லையையும் சேர்த்துக் கழிப்பேன். ஹேமர் தள்ளினால் விழுகிறது என்றால் 60-க்கு மேல் பேசமாட்டேன். மறுபூச்சு போட்டது என்றால், சுடுகிறவர் 70 கொடுக்கலாம், சேகரிப்பவர் 50-ஐத் தாண்ட வேண்டாம். இவை என் அனுபவக் கணக்கு, மாடல் அரிதானால் மாறும். பெயர் மாற்றக் கட்டணம், வரி, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் உங்கள் பக்கத்தில் சேர்த்துத்தான் கடைசி எண்ணைச் சொல்ல வேண்டும். குறைகளைச் சண்டைபோல அடுக்காமல், ஃபீலர் கேஜில் வந்த அளவைக் காட்டிப் பேசினால் தெரிந்தவரிடமும் மனக்கசப்பு வராது.

முடிந்தால், அனுமதி பெற்ற சுடுதளத்தில் விலை முடிப்பதற்கு முன்பே சுட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், சில நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு தோட்டாவாவது போக வேண்டும். சுட்ட கூடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் ஊசி குத்திய பள்ளம் நடுவில் இருக்க வேண்டும், ஓர் அறையில் மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தால் அந்த அறை நேராக நிற்கவில்லை. கூடுகள் சிரமமில்லாமல் வெளியே வர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் ஈயத்துகள் தெறித்தால், உங்கள் கேஜ் காட்டாத ஒன்றை அது காட்டுகிறது, விலையை மறுபடி பேசுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து பத்திரம் எழுதும்போது, சீரியல் எண்ணைப் பழைய காகிதத்திலிருந்து நகல் எடுக்காமல் துப்பாக்கியிலிருந்தே பார்த்து எழுதுங்கள். ஸ்மித் அண்ட் வெசனில் சிலிண்டரைத் திறந்தால் சட்டத்தில் தெரியும் இடத்தில், மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் வேறு சில எண்களும் இருக்கும். பழையவற்றில் அவை பெரும்பாலும் தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்த்துவைக்கப் போட்டவை, சீரியல் எண் கிடையாது. அதையே சீரியல் என்று எழுதிவிட்டு, பின்னால் பதிவு ஒத்துப்போகாமல் அலைகிறவர்கள் நிறையப் பேர். பழைய ஸ்மித் அண்ட் வெசனில் சீரியல் எண் கைப்பிடியின் அடியில், சட்டத்தில் இருக்கும். பெரிய மரப்பிடி அதை மறைத்திருந்தால் பிடியைக் கழற்றிப் பார்த்து எழுதுங்கள்.